ஊசியைக் கொஞ்சம் தொங்கவிட்டுப் பாருங்கள்

தம்பி தங்கைகளே, வீட்டில் யாராவது பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தால் அனுமதி கேட்டுத் துணியை வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தலைகீழாகப் பிடித்து, நூலில் கோத்த ஊசியை அப்படியே தொங்கவிடுங்கள். யாரும் தொடாமலே ஊசி கிறுகிறுவென்று சுழலும். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும்.

நூல் என்பது மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கியது. ஒவ்வொரு தையலின்போதும் நம் விரல்கள் ஊசியைக் கொஞ்சம் திருப்பிவிடுகின்றன. திருப்பத் திருப்ப நூலில் முறுக்கு ஏறுகிறது; அதோடு ஆற்றலும் சேர்கிறது. கவனிக்காமல் தைத்துக்கொண்டே போனால் நூல் சுருண்டு சிக்கு விழும். தொங்கவிட்டால் அந்த ஆற்றல் சுழற்சியாக வெளியேறி, நூல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

நான் சொல்வது கட்டம் கட்டமாகத் துளையுள்ள கேன்வாஸ் துணியில் கம்பளி நூலால் போடும் தையல். கடையில் வாங்கும் கிராஸ் ஸ்டிச்சுக்கு இது நெருங்கிய உறவு. துணியில் முன்பே துளை இருப்பதால், இதற்கு மழுங்கிய முனையுள்ள ஊசியே போதும். சின்னக் கைகளுக்கு ஏற்ற தையல் இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த புதிர் ஒன்று உண்டு. சதுரமான துணியில் தைக்கத் தொடங்குகிறோம். முடிக்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது! ஏன்?

ஒரு கைக்குட்டையை எடுங்கள். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுங்கள். அவ்வளவாக நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நன்றாக நீளும், சதுரம் சாய்சதுரமாகும். துணியின் இழைகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. அந்தத் திசைகளில் துணிக்கு வலு அதிகம். மூலைவாட்டில் அதைத் தாங்கிப் பிடிக்க இழையே இல்லை.

நான் சொல்லும் கேன்வாஸ் தையல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை. ஒவ்வொன்றும் துணியை அந்த மூலைவாட்டில் துளி இழுக்கிறது. ஆயிரக்கணக்கான துளி இழுப்புகள் சேர்ந்தால் துணி என்ன செய்யும்? சாய்ந்துதான் போகும். கிராஸ் ஸ்டிச்சில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் பெருக்கல் குறிபோல் விழும் அதன் இரண்டு சாய்வுகளும் எதிரெதிராக இழுக்கின்றன. கேன்வாஸில் கைதேர்ந்தவர்கள் வரிசை வரிசையாகத் தைக்காமல் மூலைவாட்டில் ஏறி இறங்கித் தைப்பார்கள். முன்பக்கம் எல்லாத் தையலும் ஒன்றுபோலவே தெரியும். பின்பக்கத்தைத் திருப்பினால் நூல் கூடை முடைந்ததுபோல் நெடுக்கும் குறுக்குமாகப் பின்னியிருக்கும். அந்தப் பின்னல் துணியைச் சதுரமாகப் பிடித்து வைக்கிறது. அழகு முன்பக்கத்தில் இருந்தாலும் பொறியியல் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

அப்படியும் சாய்ந்துவிட்டால் துணியை ஈரமாக்கி, இழுத்துச் சதுரமாக்கி, பலகையில் குத்திக் காயவிடுவார்கள். கேன்வாஸை விறைப்பாக வைத்திருக்கும் கஞ்சி ஈரத்தில் இளகும். காயும்போது புது வடிவத்தில் மறுபடி இறுகும். நம் ஊரான பீடோரில் இதற்குப் பொறுமை வேண்டும். மலையடிவார ஊர், அடிக்கடி மழை, எப்போதும் ஈரக்காற்று. நன்றாகக் காயும்முன் எடுத்தால் மறுபடியும் சாய்ந்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும்.

நம் பக்கத்திலேயே நடந்த ஒரு தையல் கதையும் சொல்கிறேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. நூற்றுக்கணக்கான பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அவர்களில் பலர் மலாயாவிலிருந்து தப்பி ஓடிவந்து அகப்பட்டவர்கள். ஆண்கள் வேறு பகுதியில் இருந்தார்கள்; கணவன் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாத நிலை. அப்போது எதெல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண் ஒரு வழி சொன்னார். ஆளுக்கு ஒரு துணிச் சதுரம். அதில் அவரவர் மனத்தில் இருப்பதைத் தைக்க வேண்டும். அப்படி 66 சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை என்று மூன்று போர்வைகள் உருவாயின. காயம்பட்டவர்களுக்காக மருத்துவமனைக்குக் கொடுப்பதாகச் சொல்லித்தான் தைத்தார்கள். பூவும் வீடும் பெயரும் தைத்த அந்தச் சதுரங்கள், தைத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியையும் சுமந்து சென்றன. அந்தப் போர்வைகளில் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன. கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் அடுத்தவருக்குக் கொடுத்தது ஊசியும் நூலும் கொண்டுதான். எனக்கு இதைவிடப் பெரிய கொடை தெரியவில்லை.

நீங்கள் என்ன கொடுக்கலாம்? அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி வாங்கினால், ஒரு சதுர அங்குலத்தில் 196 தையல். அதனால் சின்னதாகத் தொடங்குங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி உங்கள் அப்பாவையோ அம்மாவையோ வளர்த்த பாட்டிக்கு, பெயர் தைத்த மூக்குக்கண்ணாடிப் பை ஒன்று போதும்.

அந்தப் பாட்டிக்குத் தையல் தெரிந்திருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். நாற்பது வயதுக்குப் பிறகு கண்ணின் வில்லை விறைத்துக்கொண்டே போகிறது. கிட்டத்துப் பொருளைக் கூர்மையாகப் பார்க்க அதனால் வளைய முடிவதில்லை. பாட்டி தைப்பதை நிறுத்தியதற்குக் கை காரணமாக இருக்காது, ஊசிக் காதாக இருக்கலாம். பள்ளிக்குப் போகுமுன் ஐந்தாறு ஊசிகளில் நூல் கோத்துப் பஞ்சில் குத்தி அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீண்ட நூல் துளைகளில் உரசி உரசிப் பிய்ந்துபோகும்.