பழவிதை எண்ணெய் எடையைக் குறைக்குமா? வணிகர் கவனத்திற்கு

கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுப்பது நமக்குப் புதிதல்ல. இலுப்பை எண்ணெய் விளக்குக்கும் சோப்புக்கும் போனதை நாம் அறிவோம். இன்று திராட்சை விதை எண்ணெயும் மாதுளை விதை எண்ணெயும் சந்தைக்கு வந்துள்ளன. "உடல் பருமன் குறையும்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. நகரத்துப் பெரிய கடைகளோடு நில்லாமல், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலுள்ள தாமல் போன்ற ஊர்களின் மளிகைக் கடைகளுக்கும் இத்தகைய சரக்கு வந்து சேர நாளாகாது. கொள்முதலுக்கு முன் சில உண்மைகளைத் தெரிந்துகொள்வது நலம்.

இப்பேச்சு எடுபடக் காரணம் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். வழி தேடும் வாடிக்கையாளர் நம் சொல்லை நம்புவார்.

ஆனால் எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. இதில் கடலை எண்ணெய், திராட்சை விதை எண்ணெய் என்ற பேதமில்லை. திராட்சை விதை எண்ணெயில் சுமார் 70 விழுக்காடு லினோலிக் அமிலம். நாம் அன்றாடம் விற்கும் சூரியகாந்தி எண்ணெயிலும் மிகுதியாக இருப்பது அதுவே. மாதுளை விதை எண்ணெயில் பியூனிசிக் அமிலம் என்ற தனிப்பொருள் உண்டு. கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது எடை ஏறுவது குறைந்தது. மனிதரிடம் நடந்த சோதனைகளோ சிறியவை. எடை குறையும் என்பதை அவை நிலைநாட்டவில்லை. வழக்கமான எண்ணெயோடு இதையும் கூடுதலாகச் சேர்த்தால் எடை ஏறவே வாய்ப்பு அதிகம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் தந்த அளவு.

சட்டமும் கவனிக்கத்தக்கது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் விளம்பரச் சட்டம், உடல் பருமனைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. லேபிள், நோட்டீஸ் மட்டுமல்ல, வாய்மொழி அறிவிப்பும் அச்சட்டப்படி விளம்பரமே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, உணவைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்வோருக்கும் அதற்கு உடந்தையானோருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. கம்பெனிக்காரர் தந்த தட்டியைக் கடை வாசலில் கட்டுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே, பில்லும் எழுத்துப்பூர்வ உத்தரவாதமும் இல்லாமல் சரக்கு எடுக்க வேண்டாம். லேபிளில் உரிம எண்ணையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். விலை உயர்ந்த சரக்கு என்பதால் முதலில் சிறு அளவே வாங்கிப் பாருங்கள். "எடை குறையுமா?" என்று கேட்பவரிடம், "இது சமையல் எண்ணெய், எடைக்கு மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு பாட்டில் விற்காமல் போகலாம்; மாதச் சாமானுக்கு அவர் நம் கடைக்கே வருவார்.