பவளத்துக்குள் ஒண்டுக் குடித்தனம்

செவ்வாய் தோஷத்துக்குப் பவள மோதிரம் போடச் சொன்னால் மறுபேச்சின்றிப் போட்டுக்கொள்கிறோம். அந்தப் பவளம் மரமா, கல்லா, பிராணியா என்று கேட்டால் விழிக்கிறோம். பிராணிதான்! குழாய் போன்ற சிறு உடல், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். ஆயிரக்கணக்கில் கூடிச் சுண்ணாம்பால் வீடு கட்டி வாழும். மோதிரத்துச் செம்பவளம் ஒரு ஜாதி. கடலில் பாறைத் திட்டு எழுப்பும் கல் பவளங்கள் வேறு ஜாதி.

கல் பவளங்கள் பலவற்றின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு உணவு தயாரித்து, பெரும் பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் பாசி தந்ததே. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி சில வாரங்கள் நீடித்தால் போதும், பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். 1998-ல் லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் திட்டுத் திட்டாக வெளுத்தது இப்படித்தான்.

பாசி மட்டுமா குடித்தனம்? தாராவியில் ஒரே அறையில் பத்துப் பேர் தங்கி வேலையைப் பங்கிட்டுக்கொள்வது போல, பவளத்தின் கோழையிலும் சதையிலும் பலவகை பாக்டீரியாக்கள் உண்டு. காரிபியன் கடல் பவளம் ஒன்றின் உள்ளே நைட்ரஜனை உரமாக்கும் பாக்டீரியா வாழ்வதாக 2004-ல் தெரிய வந்தது. பயறுச் செடியின் வேர்முடிச்சு செய்யும் அதே வேலை! வேறு சில, நோய்க் கிருமிகளை அண்டவிடாமல் காவல் காக்கின்றன.

காணாமல் போன கிருமி

இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோரத்தில் ஒக்குலினா என்ற பவளம் கோடைதோறும் வெளுத்தது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யூஜின் ரோசன்பர்க் குழுவினர், விப்ரியோ இனக் கிருமி ஒன்றே காரணம் என்று 1996-ல் அறிவித்தார்கள். நீரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அக்கிருமி பவளத்துக்குள் மடியும். குளிர்காலத்தில் அது ஒரு கடற்புழுவின் உடலில் ஒளிந்திருப்பதையும் பிறகு கண்டுபிடித்தார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. சில ஆண்டுகளில் அதே கிருமியைப் பவளத்தில் விட்டும் ஒன்றும் ஆகவில்லை! நம்மைப் போல் எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் ரத்தம் பவளத்துக்குக் கிடையாது. பின் எப்படித் தப்பியது? குடியிருக்கும் பாக்டீரியாக்களை மாற்றிக்கொண்டு தப்பியிருக்க வேண்டும் என்று 2006-ல் ரோசன்பர்க் குழு சொன்னது. இதை எல்லாரும் ஒப்பவில்லை. ஒக்குலினா வெளுக்க முதற்காரணம் பாக்டீரியா அல்ல என்று 2008-ல் மறுப்புக் கட்டுரை வந்தது. முதல் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரும் அதில் சேர்ந்திருந்தார். விஞ்ஞானத்தில் இதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

ஆனாலும் அந்த யோசனை வீண்போகவில்லை. தயிரிலுள்ள நல்ல கிருமி நம் குடலுக்கு உதவுவதுபோல் பவளத்துக்கும் கொடுத்தால் என்ன? பிரேசில் நாட்டு ராகேல் பேஷோட்டோ குழுவினர் தொட்டியில் வளர்த்த பவளங்களுக்கு நல்ல பாக்டீரியாக்களைக் கொடுத்து வெப்பத்தை ஏற்றினார்கள். பிழைத்தவை 40 சதவீதம் கூடுதல் என்று 2021-ல் வெளியிட்டார்கள்.

அடுத்து செங்கடலில், தொட்டியில் அல்ல, கடலடியிலேயே பரிசோதனை நடந்தது. வாரம் மூன்று முறை, மூன்று மாதம் பாக்டீரியா கொடுத்தார்கள். புதுக் குடித்தனம் பவளத்தில் தங்கியது, சுற்றியிருந்த நீருக்குக் கெடுதல் தென்படவில்லை என்று 2024-ல் அறிக்கை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆள் மூழ்கிப் போய், பவளம் பவளமாகக் கொடுக்க வேண்டியிருந்தது.