இலவசமாக வந்த நாய்க்கு என்ன விலை?

எங்கள் பொன்னியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" என்பதுதான். "விலைக்கு வாங்கவில்லை, சென்னையில் ஒரு பிராணிகள் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம்" என்று சொன்னால், "அடடே, இலவசமா! எங்களுக்கும் ஒன்று சொல்லி வையுங்களேன்" என்பார்கள். சூளூர்பேட்டையில் நம்மவர் குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஸ்ரீஹரிகோட்டா வேலை, ஸ்ரீசிட்டி தொழிற்சாலை வேலை, சொந்த வியாபாரம் என்று வந்து தங்கியவர்கள். அவர்களில் நான்கைந்து பேர் இப்படிக் கேட்டுவிட்டதால், ஓராண்டுக் கணக்கைச் சங்கத்து இதழில் எழுதிவிடலாம் என்று துணிந்தேன். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்கக் கூடாது அல்லவா?

நாய் வேண்டும் என்று அடம் பிடித்தவள் எங்கள் மகள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் கேட்டது படத்தில் பார்த்த லாப்ரடார். எனக்கு ராஜபாளையம் பக்கம். நாய் என்றால் விலை சொல்லி விற்கும் ஊர்க்காரன். வளர்ப்பவர்களிடம் விசாரித்ததில் விலை கேட்டுத் தலை சுற்றியது. "விலை கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? தெருவில் கிடந்ததைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே, அங்கே கேட்டுப் பார்க்கலாம்" என்று யோசனை சொன்னவள் என் மனைவி. 2025 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சென்னைக்குப் போனோம்.

நாயைக் காப்பாற்றி வீடு தேடிக் கொடுக்கும் பணியில் சென்னைக்குப் பழைய பெயர் உண்டு. விமானியான கேப்டன் வி. சுந்தரம், 1959இல் வெள்ளத்தில் தவித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்ததில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் அமைப்பு. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1964இல் அமைப்பு முறையாகப் பதிவாயிற்று. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்ற வழியையும் அவர்கள் அப்போதே சொல்லி வந்தார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996இல். அதற்கு 2001இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. 2023இல் புதிய விதிகள் வந்தன.

நாங்கள் போனது வேறொரு சிறிய காப்பகம். நாய்க்கு விலை இல்லை என்றார்கள். ஆனால் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். சொந்த வீடா, வாடகை வீடா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? வேலை மாறினால் என்ன செய்வீர்கள்? பெண் கொடுப்பவர்கள்கூட இத்தனை விசாரிப்பதில்லை என்று எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தது: "இதற்கு முன் நாய் வளர்த்தது உண்டா? அது என்ன ஆயிற்று?"

பேனா அங்கே நின்றுவிட்டது. பிறகு "இறந்துவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு மாதக் குட்டி. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். பெண் குட்டி என்பதால் பலரும் பார்த்துவிட்டுப் போனார்களாம். பொன்னி என்று மகள் பெயர் வைத்தாள். காப்பகத்துக்கு நாங்களாகக் கொடுத்த நன்கொடை 1,000 ரூபாய். ஊர் வந்து சேரக் கார் வாடகை 3,200. கழுத்துப் பட்டை, சங்கிலி, தட்டு, படுக்கை எல்லாம் 1,450.

அடுத்து ஊசிகள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஒரு முறை போட்டால் போதாது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை, ஊசி மருந்தையும் அதுவே மட்டுப்படுத்திவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும். குடற்புழு மருந்தும் சேர்ந்து 2,650 ரூபாய். கையில் பணம் இல்லை என்று வெறிநோய் ஊசியைத் தள்ளிப் போடுகிறவர்கள் ஜூலை 6ஆம் தேதியை நினைவில் வைக்கலாம். 1885இல் அந்த நாளில்தான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அந்த மருந்தைச் செலுத்தினார். அதையொட்டிக் கால்நடைத் துறையினர் பல ஊர்களில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதில் கஞ்சத்தனம் கூடாது.

உணவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, வீட்டில் மிஞ்சுவதைப் போடலாம் என்று நினைத்திருந்தேன். நம் குழம்பும் ரசமும் அதற்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. ஆகவே உப்பு உறைப்பு இல்லாமல் தனிச் சோறு, கோழி, முட்டை என்று மாதம் 1,800. ஆண்டுக்கு 21,600.

ஜூன் மாதம் ஒரு நாள் பொன்னி சாப்பிடாமல் படுத்துவிட்டது. மறுநாள் மூக்கில் இரத்தக் கசிவு. உண்ணிக் காய்ச்சல் என்றார் உள்ளூர் மருத்துவர். உண்ணி கடிக்கும்போது உடலில் புகும் ஒரு கிருமி வெள்ளணுக்களில் குடியேறிவிடும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துபோகும். இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வசதியுள்ள இடம் வேண்டும் என்றதும் திருப்பதிக்கு ஓடினோம். 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. 2005 முதல் அது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. திருப்பதிக்கு எத்தனையோ முறை பெருமாளைச் சேவிக்கப் போயிருக்கிறோம். நாயை மடியில் கிடத்திக்கொண்டு போனது அன்றுதான். மாத்திரை இருபத்தெட்டு நாள் தவறாமல் கொடுத்து எழுப்பினோம். கார் வாடகையும் சேர்த்து 7,400 ரூபாய். நோய் தீர்ந்தாலும் உண்ணி தீராது. சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதைத் தடுக்கும் மருந்துக்கு ஆண்டில் 3,600. செப்டம்பரில் கருத்தடை அறுவைக்கு 6,000.

நான் எதிர்பாராத செலவு வீடு. எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். முதலில் சரி என்றார். அவருடைய பேரனைத் தெருநாய் கடித்து, பையன் ஊசிக்கு நான்கைந்து முறை மருத்துவமனைக்கு அலைந்தான். அதன் பிறகு அவருக்குப் பயம். "குக்க வத்தண்டி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாய் வேண்டாம் என்பது பொருள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜூலை முடியும்வரை அவகாசம் கொடுத்தார்.

ஜூலை 30ஆம் தேதி மாலை, பெட்டி படுக்கை கட்டிக்கொண்டிருந்தோம். 5.40க்கு நிசார் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு ஜி.எஸ்.எல்.வி. கிளம்பியது. ஊரே மாடியில் நின்று கைதட்டியது. சிறிது நேரத்தில் சன்னல் அதிர, பொன்னி நடுங்கிக்கொண்டு கட்டி வைத்த பெட்டிகளின் இடுக்கில் புகுந்துவிட்டது. மகள் அருகில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே, "அப்பா, பொன்னியும் நம்மோடு புது வீட்டுக்கு வரும்தானே?" என்றாள்.

அவளுக்கு லைகாவின் கதை தெரியும். 1957 நவம்பரில் ரஷ்யர்கள் விண்ணுக்கு அனுப்பிய நாய் லைகா. மாஸ்கோ தெருவில் பிடித்த நாய்தான் அது. திரும்பக் கொண்டுவர வழியில்லாமலே அனுப்பினார்கள். புறப்படுவதற்கு முன் விஞ்ஞானி ஒருவர் அதைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய்க் குழந்தைகளோடு விளையாட விட்டாராம். அந்தக் கதையைப் படித்து அழுதவள் இப்படிக் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், இதே கேள்வியை நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1994இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்குக் கூடூரில் வேலை. எங்களிடம் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. குண்டூருக்கு மாற்றல் வந்தபோது, "டைகர் வருமாப்பா?" என்று கேட்டேன். "லாரியில் இடமில்லை. தெருக்காரர்கள் சோறு போடுவார்கள்" என்றார் அப்பா. லாரியின் பின்னால் அது ரயில்வே கேட் வரை ஓடிவந்தது. இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. பூட்டிய வாசலில் பல நாள் படுத்திருந்ததாம். புதிதாகக் குடிவந்தவர்கள் விரட்டிவிட்டார்களாம். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. படிவத்தில் "இறந்துவிட்டது" என்று நான் எழுதியது இந்த டைகரைத்தான்.

அன்று இரவு மகளிடம் இதை மறைக்காமல் சொன்னேன். மறுநாள் நால்வரும் புது வீட்டுக்குப் போனோம். மாத வாடகை 1,500 கூடுதல். பிப்ரவரி முடிய ஏழு மாதத்துக்கு 10,500.

அடுத்தது ஊர்ப் பயணம். நம்மைப் போன்றவர்களுக்கு இது முக்கியம். ரயிலில் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் தனி அறை முழுவதையும் நம் பெயரில் பதிவு செய்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் ஏற்ற வேண்டும். மற்ற வகுப்புகளில் அனுமதி இல்லை. உடம்பு தேறிய நாயைக் கூண்டில் அனுப்ப மனம் வராமல் தீபாவளிக்குக் காரிலேயே போய்வந்தோம். 18,000 ரூபாய். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பம் பார்த்துக்கொண்டது. அந்த உதவிக்கு விலை போட முடியாது.

ஊரில் அப்பாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. பொன்னிக்குத் தட்டில் சோறு வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "டைகரையும் எப்படியாவது ஏற்றியிருக்கலாம்டா" என்றார். முப்பத்தொரு வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் முறை.

எல்லாவற்றையும் கூட்டினால் முதல் ஆண்டுச் செலவு 75,400 ரூபாய். அடுத்த ஆண்டுகளில் குறையும். ஆனால் நாயின் ஆயுள் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு. மகள் கல்லூரிக்குப் போன பிறகும் பொன்னிக்குச் சோறு வைக்க வேண்டியவன் நான்தான்.

கைவிடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்றும் சொல்லிவிடுகிறேன். ருக்மணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பயனாக வந்தது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அதன்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், விரும்புகிறவர்கள் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று சொன்னது. அந்தப் பொறுப்பை ஐம்பது ரூபாய்க்குப் பயந்து யாரும் சுமக்கப் போவதில்லை. மனமிருந்தால்தான் உண்டு.

வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் நாம். ஐந்து வருடத்துக்கு ஒரு வீடு, பத்து வருடத்துக்கு ஒரு ஊர். ஆகவே நாய் எடுக்க நினைக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். மருத்துவத்துக்கென்று பத்தாயிரம் ரூபாயாவது தனியாக எடுத்து வையுங்கள். பண்டிகைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஒரு வீட்டைத் தேடி வையுங்கள். மாற்றல் வந்தால் லாரியில் அதற்கும் ஓர் இடம் என்று இன்றே முடிவு செய்யுங்கள். முடியாது என்று தோன்றினால் எடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

சென்ற மாதம் காப்பகத்திலிருந்து, ஓராண்டு ஆயிற்றே, நாய் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். பொன்னியின் படத்தை அனுப்பினேன். கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். "படிவத்தின் கடைசிக் கேள்விக்கு நான் தவறான பதில் எழுதியிருக்கிறேன். எங்கள் பழைய நாய் இறந்ததா என்று தெரியாது. நாங்கள் அதை விட்டுவிட்டு வந்துவிட்டோம். தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்."