வீட்டை விற்கும் முன் தரகையும் வரியையும் கணக்கிடுங்கள்!
ஓய்வு பெறும் தில்லித் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை

புது தில்லி: லக்ஷ்மிபாய் நகரின் அரசுக் குடியிருப்புகளை அவற்றில் வசிக்கும் மத்திய அரசு ஊழியர்கள் விற்க முடியாது. பணி ஓய்வுக்குப் பின் குறித்த காலத்துக்குள் சாவியை ஒப்படைத்துவிட வேண்டியதுதான். ஆயினும், வீட்டு விற்பனை பற்றிய கவலை இங்கும் உண்டு. பணியில் இருக்கும்போதே துவாரகா, மயூர் விஹார் போன்ற பகுதிகளில் தில்லி வளர்ச்சி ஆணைய (டிடிஏ) வீட்டை வாங்கியவர்கள், ஓய்வு பெறும் வேளையில் அதை விற்றுவிட்டுத் தமிழகம் திரும்ப எண்ணுவது வழக்கம். பலருக்கு வாழ்நாள் சேமிப்பின் பெரும்பகுதி அந்த ஒரு வீடுதான். பேசி முடித்த விலை வேறு, கைக்கு வந்து சேரும் தொகை வேறு என்பது கிரயத்துக்குப் பிறகே தெரியவந்தால் பயனில்லை.

தரகு எவ்வளவு?: வீட்டு விற்பனைக்கான தரகு விகிதத்தை எந்த மத்தியச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. விற்பவரிடம் 1 சதவீதம், வாங்குபவரிடம் 1 சதவீதம் பெறுவது தில்லியில் பரவலாக உள்ள வழக்கம். 2 சதவீதம் கேட்போரும் உண்டு. ஒரு கோடி ரூபாய் வீட்டில் இந்த வேறுபாடு ஒரு லட்சம் ரூபாய். தரகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், தரகுத் தொகையின் மீது 18 சதவீத வரி தனி. இரு தரப்பிலும் ஒரே தரகர் பணம் பெறும்போது, விற்பவருக்காக மட்டுமே அவர் விலை பேசுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே விகிதம், வரி, பணம் தர வேண்டிய கட்டம் ஆகிய மூன்றையும் அச்சாரம் வாங்கும் முன்பே எழுத்தில் பெறுவது அவசியம்.

அமெரிக்காவிலும் தரகு சர்ச்சைக்கு உள்ளானது. விற்பவரே இரு தரப்புத் தரகர்களுக்கும் சேர்த்து 5 முதல் 6 சதவீதம் வரை தரும் வழக்கம் அங்கு நீண்டகாலமாக இருந்தது. அதை எதிர்த்த வழக்குகளில், 41.8 கோடி டாலர் தர தேசிய வீட்டுமனைத் தரகர்கள் சங்கம் 2024 மார்ச்சில் சம்மதித்தது. வாங்குபவர் தமது தரகருடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற விதி அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் எல்லை: நாடாளுமன்றம் 2016 மார்ச்சில் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், தரகர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தக் கட்டாயம், ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கட்டுமானத் திட்டங்களின் வீடுகளுக்கும் மனைகளுக்குமே பொருந்தும். இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிடிஏ வீட்டை மறுவிற்பனை செய்பவருக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பை நம்பியிருக்க இயலாது.

ஆவணச் சிக்கல்: தில்லியில் பொது அதிகார ஆவணத்தின் பேரில் வீடுகள் கைமாறுவது ஒரு காலத்தில் சாதாரணம். அவ்வாறான விற்பனை உரிமை மாற்றம் ஆகாது என 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குத்தகை உரிமையில் உள்ள டிடிஏ வீட்டை முழு உரிமையாக மாற்றும் திட்டம் 1992 முதல் உள்ளது. அதற்கான கட்டணம், சங்கத்தின் தடையின்மைச் சான்று, சொத்து வரி நிலுவை ஆகியவற்றை விற்பனைக்கு முன்பே தீர்க்காவிட்டால், வாங்குபவர் அவற்றைக் காட்டியே விலையைக் குறைப்பார். முத்திரைத்தாள் கட்டணம் வழக்கமாக வாங்குபவரைச் சேர்ந்தது.

பெரிய செலவு வரிதான்: 2024 ஜூலை 23-ஆம் தேதி தாக்கலான பட்ஜெட், நீண்டகால மூலதன ஆதாய வரியை 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் சலுகையை நீக்கியது. எதிர்ப்பு எழுந்ததால், ஆகஸ்டில் நிதி மசோதா திருத்தப்பட்டது. அத்தேதிக்கு முன் வாங்கிய வீட்டை விற்கும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இரு முறைகளில் வரி குறைவானதைத் தேர்வு செய்யலாம்.

எடுத்துக்காட்டாக, 2005-06-இல் 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீடு 2025-26-இல் ஒரு கோடிக்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். 1 சதவீதத் தரகும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1.18 லட்சம். புதிய முறையில் வரி சுமார் 9.85 லட்சம். பழைய முறையில் வாங்கிய விலை சுமார் 64.27 லட்சமாக உயர்வதால் வரி சுமார் 6.91 லட்சம் மட்டுமே (மேல்வரி, கூடுதல் தீர்வை நீங்கலாக). முறையைத் தேர்வு செய்வதில் மட்டும் ஏறத்தாழ 2.94 லட்சம் ரூபாய் மிச்சம்.

விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் தமிழகத்திலோ வேறெங்கிலுமோ உள்நாட்டில் வீடு வாங்கினாலும், மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலும் விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிடும் பத்திரங்களில் 50 லட்சம் ரூபாய் வரை முதலீடு செய்வது மற்றொரு வழி. 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டை வாங்குபவர் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்தம் செய்வார். அது கூடுதல் செலவு அல்ல. வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம்.

ரசீது இல்லையேல் நஷ்டம்: தரகுத் தொகையை மூலதன ஆதாயத்திலிருந்து கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ரொக்கமாகக் கொடுத்து ரசீது பெறாதவர்களால் இச்செலவை வரித்துறைக்கு நிரூபிக்க இயலாது. தரகையும் கொடுத்து, அத்தொகைக்கு வரியும் கட்ட நேரிடும். விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகப் பெற்று, பத்திரத்தில் குறைத்துக் காட்டும் யோசனை அதைவிட ஆபத்தானது. வீட்டு விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற 2015 ஜூன் முதல் தடை உள்ளது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம், வாங்கியவருக்கல்ல, விற்றவருக்கே விதிக்கப்படும்.