மேசையை எரித்த குயவர்

குயத்தொழிலுக்கும் தறிக்கும் ஏருக்கும் யாது தொடர்பு என்று நம் அங்கத்தினர்கள் வினவக்கூடும். பிரான்ஸ் தேசத்து மட்பாண்டக் கலைஞர் பெர்னார் பாலிசியின் வரலாறு அதற்கு விடை கூறும்.

1510-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த பாலிசி, கண்ணாடியில் ஓவியம் தீட்டிப் பிழைத்தவர். ஒருநாள் வெண்ணிற எனாமல் பூச்சிட்ட மட்கிண்ணம் ஒன்றைக் கண்டார். அப்பூச்சின் பக்குவத்தைத் தாமே கண்டறிவதென உறுதி பூண்டார். கற்பிப்பார் எவருமில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்போல் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் உழன்றார். விறகு தீர்ந்தபோது, சூளை அணையாதிருக்க வீட்டு மேசைகளையும் தரைப் பலகைகளையும் அதில் இட்டார். பணமின்மையால் தம் ஆடைகளையே கூலியாகக் கொடுத்ததும் உண்டு.

ஒருமுறை சூளைச் சாந்திலிருந்த சிக்கிமுக்கிக் கற்கள் வெடித்துச் சிதறிப் பாண்டங்களில் ஒட்டிக்கொண்டன. குறைந்த விலைக்கு அவற்றை வாங்க ஆட்கள் இருந்தனர், கடன்காரர்களும் காத்திருந்தனர். ஆயினும், பழுதான சரக்கை விற்றால் தம் பெயர் கெடும் எனக் கருதி, அனைத்தையும் உடைத்தெறிந்தார். குறையுள்ள துணிக்குச் சங்க முத்திரை இடலாமா என்று தயங்கும் வேளையில் நாம் நினைத்துக்கொள்ள வேண்டிய செயல் இது.

முடிவில் வெற்றி கிட்டியது. பாம்பு, தவளை, மீன், சிப்பி, பெரணி இலை ஆகியவற்றிலிருந்தே அச்செடுத்து, உயிருள்ளவை போன்ற உருவங்களைத் தட்டுகளில் அமைத்தார். பாறையெனத் தோன்றும் மெருகிட்ட செங்கற் குடில்களையும் அவற்றினுள் இருக்கைகளையும் தம் நூலில் விவரித்தார். அரசி காதரீன் தெ மெதிசிக்காகப் பாரிஸில் மட்சிற்பக் குகை ஒன்றை அமைக்கும் பணியையும் ஏற்றார்.

உழவர்களுக்கும் அவர் ஆசிரியரே. 1563-இல் வெளியான நூலில், எருவைக் குவியலாக மழையில் விட்டால் அதன் உப்புச் சத்து கரைந்து வீணாகும் என எச்சரித்தார். குவியல் கிடந்த இடத்தில் மட்டும் பயிர் செழிப்பதையே அதற்குச் சான்றாகக் காட்டினார்.

ஆனால் 1580-இல் வெளியிட்ட நூலில், பூச்சில் சேரும் பொருள்களைக் கூறிய அவர், அளவுகளைக் கூறவில்லை. தம் சமயக் கொள்கையைக் கைவிட மறுத்துச் சிறைப்பட்டு, 1590-ஐ ஒட்டி பாஸ்தீல் சிறையில் மாண்டார். வீட்டையே விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு, பின்வந்தோருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. எருவைப் பற்றி அவர் ஒளிக்காமல் கூறியதோ எவ்வுழவருக்கும் பயன்படும்.

அவருடைய உறுதியைப் போற்றும் நாம், அவருடைய தனிமைக்கு இரங்காமலும் இருக்க இயலவில்லை. பொதுச் சூளையும், நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் தோழர்களும் இருந்திருப்பின், அவர் குடும்பம் அத்துணைத் துன்புற்றிராது. சாயப் பக்குவத்தையும் விதைத் தேர்வையும் தமக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும் மூத்த அங்கத்தினர்கள், அவற்றை அளவுடன் சங்கத்து ஏட்டில் எழுதி வைப்பார்களாக. நம்முள் எவரும் தம் மேசையை எரிக்க நேரலாகாது.