நாணும் சுருக்கும்

மலைநாட்டுத் தோட்டங்களில் வில்லைக் காண விரும்புவோர் மாசி மாதம் வரையில் காத்திருத்தல் வேண்டும். லயங்களுக்கு முன்னே காமன் கம்பம் ஊன்றப்படும். தப்பைத் தீயில் காட்டித் தோலை இறுக்கி, விரும்பிய குரல் எழும் வரையில் தட்டித் தட்டிப் பார்ப்பர். அதன்பின் மதனும் இரதியும் ஆடி வருவர். மதனுடைய வில் கரும்பு. நாண் வண்டுகளின் வரிசை. கணைகளோ தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலர்கள். இத்தகைய வில்லுக்குப் பழுது நேர்வதில்லை. ஆயினும் குறி ஒன்றே ஒன்றில் தவறிற்று; எய்தவனே எரிந்து போனான்!

மலையகத்தார் போற்றும் மற்றொரு கூத்தாகிய அருச்சுனன் தபசிலும் வில் உண்டு. அங்கே ஒரு பன்றி; அதன் உடலில் இரண்டு அம்புகள். தவம் செய்த வில்லாளனும் வேடனாய் வந்த சிவனும், கொன்றது எவனுடைய அம்பு என்று வழக்கிட்டுப் போரில் இறங்குகின்றனர். வேட்டையைப் பற்றி எழக்கூடிய வினாக்களுள் தலையாயது இதுவே என்பது என் கருத்து. எய்தவன் முன்வந்து "என் அம்பு" என்று உரிமை கொண்டாடினால், பொறுப்பும் அவனையே சாரும் அன்றோ?

கூத்தில் மட்டும் தங்கிவிட்ட இந்த வில் கடல் கடந்த நாடுகளில் வேறொரு வடிவம் பெற்றுள்ளது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர், வில்லின் இரு முனைகளிலும் கப்பிகளைப் பொருத்தினால் என்ன என்று எண்ணினார். 1966ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் அது கிடைத்தது. இன்று அந்நாட்டில் வேட்டைக்குச் செல்வோரிடையே இக்கப்பி வில்லே பெருவழக்காயுள்ளது. தோற்றத்தில் அது வீணையும் அன்று, வில்லும் அன்று. கிணற்றுக் கப்பியும் தறியின் இழையும் கலந்தது போன்ற ஒரு பொறி.

அதன் நுட்பம் கப்பியின் அச்சில் உள்ளது. அச்சு நடுவில் இராது, ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். பழைய வில்லை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும்; முழுதும் இழுத்து நிறுத்தும் வேளையில் தோள் நடுங்கும். கப்பி வில்லிலோ பாரம் முதலில் ஏறி, பின்னர் சட்டென இறங்கிவிடும். அறுபது இறாத்தல் வில்லில் எண்பது விழுக்காடு தளர்ந்தால், வில்லாளி தாங்கி நிற்பது பன்னிரண்டு இறாத்தலே. கொழுந்துக் கூடையின் பாரத்தை இறாத்தலில் கணக்கிட்ட தலைமுறையினர்க்கு இவ்வேறுபாடு எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் பொறியில் உறுப்புகள் மிகுந்தால் பிணக்குகளும் மிகும். மேற்கப்பியும் கீழ்க்கப்பியும் ஒரே கணத்தில் தம் எல்லையை அடைதல் வேண்டும். ஒன்று முந்தினால் அம்பின் வால் மேலும் கீழுமாக உதைபடும். இழையை அரை முறுக்கு முறுக்கினால் அதன் நீளம் மயிரளவு குறையும். கப்பிகளின் இசைவு திரும்பும். இதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் தனிப் பட்டடை ஒன்று வேண்டும். அஃதின்றி இழையைக் கழற்றத் துணிபவன் தன் விரல்களையும் கண்ணையும் பணயம் வைக்கிறான். அம்பின்றி நாணை விடுவதும் அவ்வாறே பெருந்தவறு. அம்பு கொண்டு செல்ல வேண்டிய விசை முழுதும் வில்லின் கிளைகளுக்கே திரும்பி, அவற்றைப் பிளந்துவிடக் கூடும்.

பின்னர் வருவது காகிதப் பரீட்சை. இதனை வீட்டுப் புறக்கடையிலேயே நடத்தலாம். ஒரு சட்டத்தில் தாளை விறைப்பாகக் கட்டி, அதற்குப் பின்னே அம்பைத் தாங்கும் பொதியை வைத்து, ஆறடி தொலைவில் நின்று எய்கின்றனர். அம்பு நேரே சென்றிருந்தால் ஒரு துளையும், அதைச் சுற்றி இறகுகளின் கீறலும் மட்டுமே தாளில் இருக்கும். இறகின் கிழிசல் துளைக்கு மேலே நீண்டிருந்தால், நாணில் அம்பின் குதை பொருந்தும் இடம் உயர்ந்துவிட்டது என்று பொருள்; அதனைத் தாழ்த்த வேண்டும், அல்லது அம்பு தங்கும் தாங்கியை உயர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் நகர்த்துவது அறிவுடைமை ஆகாது. கிழிசல் இடமோ வலமோ சென்றால் தாங்கியைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்ப்பர். அதற்கும் அடங்காவிடின் குற்றம் அம்பின் விறைப்பில் இருக்கும். இருபத்தெட்டு அங்குல இடைவெளியில் அம்பின் தண்டைத் தாங்கி, நடுவில் 1.94 இறாத்தல் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளந்தே அம்புக்கு எண் இடுகின்றனர். ஏனெனில் விடுபட்ட அம்பு கோல் போல் விறைத்துச் செல்வதில்லை. மீன் போல் நெளிந்து, பின்னரே நிமிர்கிறது.

இத்தனை பாடும் எதற்காக? இலக்குப் பந்தயக்காரனுக்குப் புள்ளிகளுக்காக. வேட்டைக்காரனுக்கோ காரணம் வேறு. அகன்ற அலகுடைய வேட்டை முனை காற்றில் சிறகு போல் வேலை செய்யும். வில் சிறிதே பிசகினாலும் குறி வெகுவாக விலகும். விலகிய அம்பு விலங்கைக் கொல்லாது, காயத்தோடு ஓடவிடும். ஆகவே வில்லைச் செப்பஞ்செய்தல் என்பது அவனுக்கு விலங்கின்பால் உள்ள கடமையும் ஆகும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை வீழ்த்தியதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். ஐந்து விலங்கு என்பது புலவரின் வாக்கு. அதனை அளவுகோலால் அளக்கலாகாது. என் நெஞ்சைக் கவர்வது அடுத்து நிகழ்வது. பாணர் அவன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தபோது அவ்வேடன் நாணுகிறான். வில்லின் கயிற்றுக்கும் உள்ளத்தின் கூச்சத்துக்கும் நாண் என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது தற்செயலாகவே இருக்கலாம்; எனினும் சுவையான தற்செயல்.

இலங்கையின் வேடரைப் பற்றி 1681இல் வெளியான தம் நூலில் ராபர்ட் நொக்ஸ் ஒரு செய்தி தருகிறார். வேடர் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வந்து, வேண்டிய அம்பு முனையின் வடிவில் வெட்டிய இலையையும் அதனருகே சிறிது இறைச்சியையும் தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஓர் இரவில் அம்பு வரும்! அளவு இலையில், கூலி இறைச்சியில், நயமோ கொல்லனின் கையில்.

நுவரெலியாப் பக்கத்தில் வெள்ளையர் நடத்திய வேட்டை வேறு வகையினது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். சாமுவேல் பேக்கர் நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்தினார். அதைப் பற்றி நூலும் எழுதினார். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததற்கு முன்னே காடு வெகுவாக வெறிச்சோடிப் போயிருந்தது.

இன்று தோட்டங்களில் வில்லும் இல்லை; துரைமாரின் வேட்டை நாய்களும் இல்லை. இருப்பது கம்பிச் சுருக்கு. ஓர் இழையை வளையமாக்கி, பன்றி வரும் தடத்தில் வேலியோரம் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. தொடக்க காலக் கப்பி வில்களிலும் எஃகுக் கம்பியே இழையாக ஓடிற்று என்பதை எண்ணும்போது வியப்பாக உள்ளது. பொருள் ஒன்றே. அங்கே அதனை அரை முறுக்குக்காக நாள் முழுதும் கவனிக்கின்றனர். இங்கே கட்டியவன் திரும்பிப் பார்ப்பதில்லை. சுருக்குக்குக் கண் கிடையாது. பன்றி, மரை, நாய், சிறுத்தை எதுவாயினும் அதற்கு ஒன்றே.

தொழிலாளியை மட்டும் பழிப்பது எளிது, நேர்மையன்று. லயத்தருகே உள்ள சிறு மரக்கறித் தோட்டம் அவன் வீட்டுச் செலவில் ஒரு பங்கைத் தாங்குகிறது. ஒரே இரவில் பன்றிகள் அதனை உழுதுவிட்டுப் போகின்றன. அவனுக்குத் தெரிந்த வேலி அதுவே. எனினும் அத்தேயிலைச் சரிவுகளே சிறுத்தைக்கும் வழி. காட்டுத் துண்டுகளை இணைக்கும் மலை முகடுகளில் அது இரவில் நடக்கிறது. விடிந்ததும் கொழுந்து பறிக்க வரும் பெண்களும் அங்கேயே நடக்கின்றனர். சுருக்கில் சிக்கிக் காயத்தோடு அறுத்துக்கொண்டு ஓடிய சிறுத்தை ஒன்று தேயிலைச் செடிகளின் அடியில் பதுங்கிக் கிடந்தால், அதனை முதலில் சந்திப்பவர் அவர்களே.

2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாத மலையின் அடிவாரமான நல்லதண்ணியில், இத்தகைய சுருக்கு ஒன்றில் சிறுத்தை ஒன்று உயிருடன் சிக்கிக் கிடந்தது. வனவிலங்குத் திணைக்களத்தினர் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று மருத்துவம் செய்தனர். சில நாட்களில் அது இறந்தது. மிக அரிதாகப் பிறக்கும் கருஞ்சிறுத்தை அது. கருஞ்சிறுத்தை தனியோர் இனமன்று. நாம் அறிந்த அதே சிறுத்தைதான். வெயில் சாய்வாக விழும்போது, அக்கருமையின் உள்ளே புள்ளிகள் தெரியும்.