கணிப்பொறியில் இயங்கும் தசை

மூளை முடக்குவாதத்தால் முழங்கால் மடங்கியபடி நடக்கும் குழந்தைக்கு எந்தத் தசைநாணை, எவ்வளவு நீட்டுவது என்பது அறுவை மருத்துவர் முன்னுள்ள கடினமான கேள்வி. ஒருமுறை வெட்டியதை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. எனவே, கத்தியை எடுக்குமுன் கணிப்பொறியில் ஒரு மாதிரிக் காலை அமைத்து ஆராயும் முறை வளர்ந்துள்ளது. 1990இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்காட் டெல்ப்பும் அவருடைய குழுவினரும் இதற்கான கால் மாதிரியை வெளியிட்டனர். 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்திலிருந்து ‘ஓப்பன்சிம்’ என்னும் நிரல் யாவருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

இம்மாதிரிகளின் அடிப்படை, ஆங்கில விஞ்ஞானி ஏ. வி. ஹில் 1938இல் தவளையின் தசையை ஆராய்ந்து கண்ட விதியாகும். தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை குறையும் என்பதே அது. கணிப்பொறியிலுள்ள தசைக்கு நான்கு எண்கள் இன்றியமையாதவை: நீளம் மாறாதபோது அது தரும் உச்ச விசை, அவ்வுச்ச விசையைத் தரும் நாரின் உகந்த நீளம், இழுவிசையை ஏற்கத் தொடங்கும்போது தசைநாணுக்குள்ள நீளம், அதாவது தளர்நீளம், நார்கள் தசைநாணுக்குச் சாய்ந்திருக்கும் கோணம்.

கெண்டைக்காலின் உள்ளடுக்கிலுள்ள சோலியஸ் தசையை எடுத்துக்கொள்வோம். ஓப்பன்சிம்முடன் வழங்கப்படும் ஒரு மாதிரியில் இதன் உச்ச விசை 3549 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 360 கிலோகிராம் எடைக்குச் சமம். நாரின் உகந்த நீளம் 5 செ.மீ.; தளர்நீளம் 25 செ.மீ.; சாய்வு சுமார் 25 பாகை. இதில் தளர்நீளத்தை 5 சதவீதம், அதாவது 1.25 செ.மீ., மிகுதியாகக் குறித்துவிட்டோம் எனக் கொள்வோம். தசைநாண் உச்ச விசையிலும் சில சதவீதமே நீளுமாதலால், இப்பிழை முழுவதையும் நாரே தாங்க வேண்டும். உகந்த நீளத்திலிருந்த நார் சுமார் 3.9 செ.மீ. ஆகக் குறுகும். 5 சதவீதப் பிழை இவ்வாறு 22 சதவீதமாகப் பெருகி, தசையின் வலுவையும் குறைத்துக் காட்டும். திருத்துவோர் தளர்நீளத்தையே முதலில் ஐயுறுவதற்குக் காரணம் இதுவே.

திருத்தும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எலும்புகளின் அளவை அந்நோயாளிக்கு ஏற்ப மாற்ற வேண்டும். நார், தசைநாண் நீளங்களும் அதே விகிதத்தில் மாறும். உச்ச விசை தானாக மாறுவதில்லை. குழந்தையின் மாதிரியில் வளர்ந்தவரின் வலு தங்கிவிடக்கூடும். பின்னர், மூட்டைப் பல கோணங்களில் நிறுத்தி, நோயாளி தரும் திருப்புவிசையைக் கருவியால் அளந்து, மாதிரி தருவதோடு ஒப்பிட வேண்டும். எல்லாக் கோணங்களிலும் ஒரே விகிதத்தில் குறைவு தெரிந்தால் உச்ச விசையை மாற்றலாம். உச்சம் தோன்றும் கோணமே இடம் மாறியிருந்தால், முதலில் நீளங்களைச் சரிபார்க்க வேண்டும்.

மாதிரி நடக்க மறுக்கிறது என்பதற்காக உச்ச விசையை மட்டும் உயர்த்தினால் அது நடந்துவிடக்கூடும். பிழையோ உள்ளேயே மறைந்திருக்கும். ஆகவே, திருத்தப் பயன்படுத்தாத வேறோர் அசைவைக் கொண்டு மாதிரியைச் சோதிப்பது இன்றியமையாதது. அச்சோதனையிலும் தேறிய மாதிரியே மருத்துவருக்குத் துணை நிற்கத் தக்கது.